சிரட்டைக் கரியும் சூளைப் புகையும்

ஆனியிலும் ஆடியிலும் சாரல் இறங்கும் நாட்களில் குற்றாலத்துக் காற்றில் ஒரு கன மீட்டரை எடுத்து அளந்தால், அதில் ஏறத்தாழ 20 கிராம் நீராவி இருக்கும். கார்பன் டை ஆக்சைடு முக்கால் கிராம்தான் இருக்கும். மூலக்கூறுகளாக எண்ணினால், ஒரு கார்பன் டை ஆக்சைடுக்கு அறுபதுக்கும் மேற்பட்ட நீர் மூலக்கூறுகள். தேங்காய்ச் சிரட்டையைச் சுட்டுக் கரியாக்கி, அதற்கு வேதிப்பொருள் ஊட்டி, புவியைச் சூடேற்றும் வாயுவை அதைக் கொண்டே பிடித்துவிடலாம் என்று ஆய்வுக்கூடங்களிலிருந்து அடிக்கடி செய்தி வருகிறது. அதைப் படிக்கும்போது இந்த இரண்டு எண்களையும் மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. செய்தி பொய்யல்ல, கரி உண்மையாகவே பிடிக்கிறது. ஆனால் அதை எங்கே நிறுத்துகிறோம், எதை ஊட்டுகிறோம், பிடித்ததை விடுவிக்க எங்கிருந்து வெப்பம் எடுக்கிறோம் என்ற மூன்றும் சரியாக அமையாவிட்டால், பிடிப்பதைவிட வெளியேற்றுவது கூடிவிடும். செங்கோட்டை, இலஞ்சி, வடகரை என்று மேற்கே தென்னந்தோப்புகள், கிழக்கே தாழையூத்தில் சுண்ணாம்புக்கல் சூளை, அதற்கும் கிழக்கே தூத்துக்குடியில் ரசாயன ஆலைகள் என்று எல்லாம் அடுத்தடுத்து அமைந்த தென்காசி-நெல்லைச் சீமையில் வைத்து இதைச் சிந்தித்தால் விடை தெளிவாகவே கிடைக்கிறது. ஊட்டிய கரிக்கு உரிய இடம் மலைக்காற்று அல்ல, அனல்மின் நிலையமும் அல்ல. சிமெண்ட் சூளையின் புகைபோக்கி. அங்கும் முழுப் புகைக்கு அல்ல, ஒரு பங்குக்கு மட்டும்.

கரி வாயுவை இழுத்துக்கொள்ளும் என்பது பழைய செய்தி. சுவீடனில் ஷீலேயும் இத்தாலியரான ஃபோன்டானாவும் 1770களிலேயே இதைக் கண்டு எழுதிவைத்தார்கள். முதல் உலகப் போரில் நச்சு வாயுவைப் பயன்படுத்தத் தொடங்கியபோது, முகமூடிக்குள் வைக்க ஏற்ற கரி எது என்று தேடியவர்கள் கடைசியில் தேங்காய்ச் சிரட்டையில் வந்து நின்றார்கள். சிரட்டை போதாமல் 1918இல் அமெரிக்காவில் பீச் பழக் கொட்டைகளைக்கூடப் பொதுமக்களிடம் திரட்டிக் கரி செய்தார்கள். அப்போதும் வெறுங்கரியில் தங்காத வாயுக்கள் இருந்தன. அவற்றைப் பிடிக்கக் கரியின் துளைகளுக்குள் செம்புச் சேர்மத்தை ஏற்றினார்கள். அந்தக் கரிக்கு வெட்லரைட் என்று பெயர். கரி இடம் கொடுக்க, உள்ளே ஏற்றிய வேதிப்பொருள் இறுகப் பிடித்துக்கொள்ளும் என்ற அந்த உத்தியைத்தான் இன்று கார்பன் டை ஆக்சைடுக்கும் கையாள்கிறார்கள்.

அந்த இடம் எப்படி உண்டாகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும். சிரட்டையைக் காற்றுப் படாமல் சுட்டால் எடையில் சுமார் 30 விழுக்காடு கரியாக மிஞ்சும். அந்தக் கரியை 800 முதல் 1,000 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் நீராவியோடு வினைபுரிய விட்டால், கார்பனின் ஒரு பகுதி வாயுவாகிக் கழன்றுபோகும். அது கழன்ற இடங்களெல்லாம் துளைகள். இப்படிக் கிளர்வூட்டிய கரியில் ஒரு கிராமின் உட்பரப்பை விரித்தால் 1,000 சதுர மீட்டர், அதாவது கால் ஏக்கர் வரும். வீட்டுக் குடிநீர்க் கருவிக்குள் இருக்கும் ‘ஆக்டிவேட்டட் கார்பன்’ இதுதான். மரக்கரியிலும் துளை உண்டு. ஆனால் சிரட்டை கெட்டியானது, சாம்பல் குறைவானது, அதன் துளைகளில் பெரும்பாலானவை ஒரு மீட்டரில் நூறு கோடியில் இரண்டு பங்குக்கும் குறுகலானவை. கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறின் குறுக்களவு 0.33 நானோமீட்டர். அதைப்போல இரு மடங்கு அகலத்துக்கு மிகாத துளைக்குள் அது நுழைந்தால் இரு பக்கச் சுவர்களின் ஈர்ப்பும் ஒருசேர அதன்மேல் விழும். இது வேதிப் பிணைப்பு அல்ல, வெறும் பரப்புக்கவர்தல். ஒரு மோலுக்கு 20 முதல் 30 கிலோஜூல் அளவிலான பலவீனமான பிடி. அதனால் எளிதில் விடுவிக்கலாம் என்பது இதன் நன்மை. கொஞ்சம் சூடானாலே கரி தானாகக் கைவிட்டுவிடும், நைட்ரஜனையும் நீரையும் சேர்த்தே இழுத்துக்கொள்ளும் என்பவை இதன் குறைகள்.

அந்தக் குறைகளைப் போக்கத்தான் வேதிச் சிகிச்சை. ஆய்வுக்கூடங்களில் அதிகம் கையாளப்படுவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. கரியோடு அதைப் போல இரண்டு முதல் நான்கு மடங்கு எடையில் இந்தக் காரத்தைக் கலந்து 600 முதல் 800 டிகிரியில் சூடாக்கினால், காரம் கார்பனைத் தின்று பொட்டாசியம் கார்பனேட்டாக மாறும். உலோகப் பொட்டாசியம் கார்பன் அடுக்குகளுக்கிடையே புகுந்து அவற்றை நெம்பி அகற்றும். பிறகு அமிலத்தாலும் நீராலும் கழுவினால் மிக நுண்ணிய துளைகள் நிறைந்த கரி கிடைக்கும். சாதாரணச் சிரட்டைக் கரி ஒரு கிலோ, 25 டிகிரியில், ஒரு வளிமண்டல அழுத்தமுள்ள தூய கார்பன் டை ஆக்சைடில் சுமார் 100 கிராம் ஏற்கும் என்றால், இது 200 கிராம் வரை ஏற்கும். ஆய்வுக்கட்டுரைகளின் தலைப்பில் மின்னுவது இந்த எண்தான். ஆனால் எந்தப் புகைபோக்கியிலும் தூய கார்பன் டை ஆக்சைடு வருவதில்லை. நிலக்கரிப் புகையில் அது 10 முதல் 15 விழுக்காடு. புகை சூடாகவும் ஈரமாகவும் வேறு இருக்கும். அந்த நிலையில் 200 கிராம் நான்கில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். ஒரு கிலோ கரிக்கு இரண்டு மூன்று கிலோ காரத்தைச் செலவிட்டு, அதைக் கழுவிய உப்புநீரையும் எங்கோ கொட்டிவிட்டு அடைகிற ஆதாயம் இவ்வளவுதான் என்றால், தொழிற்சாலை அளவில் இந்த வழியை என்னால் பரிந்துரைக்க முடியாது. யூரியா, மெலமின் போன்றவற்றால் கரிக்குள் நைட்ரஜனைப் புகுத்துவது இன்னொரு முறை. நைட்ரஜன்தான் பிடிக்கிறதா, அதைப் புகுத்தும்போது உண்டாகும் துளைகள் பிடிக்கின்றனவா என்று வேதியியலாளர்களிடையே இன்னும் வழக்கு தீரவில்லை. நைட்ரஜன் ஏறிய கரி நீரையும் கூடுதலாக விரும்பும் என்பது நம் ஊருக்குப் பாதகமான குணம். பாலிஎத்திலீன் இமைன் போன்ற அமீன்களைத் துளைக்குள் ஊற்றலாம். அவை கார்பன் டை ஆக்சைடைத் தேர்ந்து பிடிக்கும். ஆனால் துளைகளையும் அடைக்கும், சூட்டில் ஆக்சிஜன் பட்டால் கெடும், கந்தக டை ஆக்சைடு பட்டால் அதனோடு ஒட்டிக்கொண்டு பிறகு பயன்படாமல் போகும்.

இவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டு நான் முன்வைக்க விரும்புவது அதிகம் பேசப்படாத ஒரு சிகிச்சையை. நீராவியால் கிளர்வூட்டிய சாதாரணச் சிரட்டைக் கரியைப் பொட்டாசியம் கார்பனேட் கரைசலில் ஊறவைத்து உலர்த்துவதுதான் அது. துளைச் சுவர்களில் படியும் அந்த உப்பு, கார்பன் டை ஆக்சைடோடும் நீராவியோடும் சேர்ந்து பொட்டாசியம் பைகார்பனேட்டாகும். மற்ற கரிகளுக்குப் பகையான ஈரம் இங்கே வினைக்கு வேண்டிய பங்காளி. 50 முதல் 80 டிகிரி வரையிலான சூட்டில் பிடிக்கும். 130 முதல் 200 டிகிரிக்குள் சூடேற்றினால் விட்டுவிட்டு மீண்டும் கார்பனேட்டாகும். ஜப்பானிய ஆய்வாளர்கள் 1990களிலேயே நிலக்கரிப் புகையை மனத்தில் வைத்து இதைச் சோதித்தார்கள். தென்கொரியாவில் பொட்டாசியம் கார்பனேட்டை வெவ்வேறு பொருள்களின்மேல் ஏற்றிப் பார்த்தபோது, அலுமினாவின்மேல் ஏற்றியது வேறொரு சேர்மமாகி 300 டிகிரியைத் தாண்டினாலொழிய முழுதும் மீளவில்லை. கரியின்மேல் ஏற்றியது 150 டிகிரிக்குள்ளேயே மீண்டது. அந்நாட்டின் ஹாடோங் அனல்மின் நிலையத்தில் பொட்டாசியம் கார்பனேட்டை அடிப்படையாகக் கொண்ட உலர் பொருளை 10 மெகாவாட் அளவில் ஓட்டியும் பார்த்தார்கள். எடையில் 30 விழுக்காடு உப்பு ஏற்றிய ஒரு கிலோ கரி கொள்கையளவில் 95 கிராம் கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்க முடியும். சூடான, ஈரமான, நீர்த்த புகையிலும் அந்த அளவை நெருங்க முடியும் என்பதுதான் முக்கியம்.

இனி, எங்கே நிறுத்துவது? செங்கோட்டைக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று வீசிக்கொண்டே இருக்கிறது. தென்காசி, சுரண்டை, ஆய்க்குடிப் பக்கமெல்லாம் காற்றாலைகள் நிற்பது அதனால்தான். அந்தக் காற்றின் வழியில் கரித் தட்டிகளை நட்டால் மின்விசிறிச் செலவில்லாமல் வளிமண்டலத்தையே சுத்தம் செய்யலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. ஆனால் தொடக்கத்தில் சொன்ன கணக்கைப் பாருங்கள். ஒரு டன் கார்பன் டை ஆக்சைடு வேண்டுமென்றால் குறைந்தது 13 லட்சம் கன மீட்டர் காற்றிலிருந்து ஒன்றுவிடாமல் பிடிக்க வேண்டும். 20 விழுக்காடு கார்பன் டை ஆக்சைடு உள்ள சூளைப் புகை என்றால் 3,000 கன மீட்டரே போதும். அதோடு, கிளர்வூட்டிய கரி வறண்ட காற்றில் நீரை அதிகம் தொடாது. ஈரப்பதம் 50, 60 விழுக்காட்டைக் கடந்ததும் நீர் மளமளவென்று துளைகளை நிரப்பத் தொடங்கும். குற்றாலச் சீசன் நெரிசலில் ஐந்தருவியில் நிற்க இடம் தேடுபவரின் கதிதான் அங்கே கார்பன் டை ஆக்சைடுக்கு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் அலெக்சாண்டர் ஃபோர்ஸ் குழுவினர் 2024இல் ஓர் அழகான வழியைக் காட்டினார்கள். கரித் துணியை மின்கலம்போல் மின்னேற்றி, துளைகளில் ஹைட்ராக்சைடு அயனிகளைத் தங்கவைத்து, சாதாரணக் காற்றிலிருந்தே கார்பன் டை ஆக்சைடைப் பிடித்தார்கள். கரி மின்சாரத்தைக் கடத்துவதால் அதனுள் மின்னோட்டம் செலுத்தியே 90 முதல் 100 டிகிரிக்குச் சூடாக்கி விடுவிக்கவும் முடிந்தது. இந்த ஆய்வு தொடர வேண்டும். ஆனால் ஐஸ்லாந்தின் குளிர்காற்றில் பெரும் ஆலைகளை நிறுத்தியவர்களுக்கே காற்றிலிருந்து பிடிப்பது இன்னும் மிகுந்த செலவாக இருக்கும்போது, புகைபோக்கிகளைத் திறந்துவிட்டுவிட்டு மலைக்காற்றில் தேடுவது முறையாகாது.

காற்றாலையும் சூரியத்தகடும் இருக்கும்போது புகையைப் பிடிக்கும் வேலையே எதற்கு, அது நிலக்கரிக்கு ஆயுளை நீட்டிக்கும் சாக்கு அல்லவா என்ற மறுப்பு இதைவிட வலுவானது. மின்சாரத்தைப் பொறுத்தவரை அந்த மறுப்பை நான் அப்படியே ஏற்கிறேன். நிலக்கரியை எரித்துவிட்டு, அதில் கிடைத்த ஆற்றலில் கணிசமான பங்கைப் புகை பிடிக்கவே செலவிடுவதைவிட, கணவாய்க் காற்றில் இன்னும் இறக்கைகளைச் சுழலவிடுவது அறிவுடைமை. சிமெண்டின் நிலை வேறு. சுண்ணாம்புக்கல் என்பது கால்சியம் கார்பனேட். சூளையில் அது சுண்ணாம்பாகும்போது தன் எடையில் 44 விழுக்காட்டைக் கார்பன் டை ஆக்சைடாகவே உதறுகிறது. சிமெண்ட் ஆலை வெளியேற்றுவதில் ஏறத்தாழ 60 விழுக்காடு இப்படிக் கல்லிலிருந்து வருவது. அடுப்பைச் சூரிய ஒளியாலேயே எரித்தாலும் இந்தப் பங்கு நிற்காது. நெல்லைக்கு வடக்கே தாழையூத்தில் இந்தியா சிமெண்ட்ஸ் 1949இல் உற்பத்தியைத் தொடங்கியது. தென்பாண்டிச் சீமையின் அணைகளும் பாலங்களும் வீடுகளும் எழுந்த காலம் முழுவதும் இந்த வட்டாரத்துச் சுண்ணாம்புக்கல் சூளைகளில் வெந்துகொண்டிருக்கிறது. வீடு கட்டுவதை நிறுத்தச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. எனவே பிடித்தாக வேண்டிய புகை என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

புகையிலிருந்து பிடிப்பது நம் பக்கத்தில் கனவல்ல. தூத்துக்குடி அல்காலி கெமிக்கல்ஸ் ஆலையில் 2016இல் நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்து ஆண்டுக்கு 60,000 டன் கார்பன் டை ஆக்சைடைப் பிடித்துச் சோடா உப்பு செய்யும் அமைப்பை நிறுவினார்கள். கரக்பூர் ஐஐடியில் படித்த இரண்டு இளைஞர்கள் தொடங்கிய கார்பன் கிளீன் நிறுவனத்தின் தொழில்நுட்பம் அது. அரசு மானியம் இல்லாமல் நடந்ததால் உலகப் பத்திரிகைகள் அதைப் பற்றி எழுதின. அங்கே பயன்பட்டது கரி அல்ல, அமீன் சார்ந்த திரவம். 1930இல் காப்புரிமை பெற்ற முறையின் மேம்பட்ட வடிவம். அப்படியானால் ஓடிக்கொண்டிருக்கும் திரவத்தை விட்டுக் கரிக்கு ஏன் போக வேண்டும்? வழக்கமாகக் கரி ஆதரவாளர்கள் வெப்பச் செலவு குறையும் என்பார்கள். கணக்குப் போட்டால் அந்தப் பதில் முழுதும் நிற்பதில்லை. பொட்டாசியம் பைகார்பனேட் உண்டாகும்போது மோலுக்கு 141 கிலோஜூல் வெளிப்படுகிறது. விடுவிக்கும்போது அதைத் திருப்பித் தர வேண்டும். டன்னுக்கு 3.2 ஜிகாஜூல். பழைய அமீன் திரவத்துக்கு 3.5 முதல் 4 வரை. வித்தியாசம் பெரிதல்ல. இந்த வெப்பத்தை நிலக்கரி எரித்துப் பெற்றால், பிடிக்கும் ஒவ்வொரு டன்னுக்கும் 300 கிலோ புதிதாக வெளியேறும். கரியின் உண்மையான சாதகங்கள் வேறு. அது ஆவியாகிக் காற்றில் கலக்காது, நச்சுச் சிதைபொருளைத் தராது, இரும்பை அரிக்காது, தீர்ந்த பிறகும் கார்பனாகவே இருப்பதால் மீண்டும் உப்பு ஏற்றலாம்.

வெப்பம் இலவசமாகக் கிடைக்கும் இடம் எதுவென்றால் மறுபடி சூளைக்கே வந்து சேர்கிறோம். முன்சூடேற்றியைத் தாண்டி வரும் புகை 300 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும். ஊட்டிய கரிக்கு 200 போதும். ஆனால் இங்கும் அளவு தெரிந்து பேச வேண்டும். சூளையில் வெந்து வரும் சிமெண்ட் கட்டியான கிளிங்கர் ஒரு டன்னுக்கு ஏறத்தாழ 0.85 டன் கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. அதில் 90 விழுக்காட்டைப் பிடிக்க சுமார் 2.5 ஜிகாஜூல் வேண்டும். சூளை மொத்தமாகவே டன்னுக்கு 3.2 முதல் 3.5 ஜிகாஜூல்தான் எரிக்கிறது. அதில் பாதி வினைக்கே போய்விடும், மிச்சத்தில் ஒரு பகுதி மூலப்பொருளை உலர்த்தவும் மின்சாரம் செய்யவும் ஏற்கெனவே பயன்படுகிறது. ஆகவே வீண்வெப்பத்தை மட்டும் நம்பினால் புகையில் கால்பங்கைப் பிடிக்கலாம், அதிகம் போனால் மூன்றில் ஒரு பங்கு. முழுப் புகையையும் பிடிப்போம் என்று சொல்பவர் அந்த வெப்பம் எங்கிருந்து வரும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சிரட்டை போதுமா என்ற ஐயம் எளிதில் தீரும். தூத்துக்குடியின் அதே 60,000 டன் அளவை எடுத்துக்கொள்வோம். நாளுக்கு 164 டன். ஊட்டிய கரி ஒரு கிலோ, சுற்றுக்கு 50 கிராம் வீதம், நாளுக்குப் பத்துச் சுற்று உழைத்தால் 330 டன் வேண்டும். அதில் உப்பு போகக் கரி 230 டன். பத்து டன் சிரட்டைக்கு ஒரு டன் கிளர்வூட்டிய கரி என்றால் 2,300 டன் சிரட்டை. அது ஏறத்தாழ இரண்டு கோடித் தேங்காய். தமிழ்நாட்டின் ஆண்டு விளைச்சல் 500 கோடியை ஒட்டி நிற்கிறது. கரி செய்வதில் வெளியேறும் கார்பன்தான் கடினமான மறுப்பு. பத்து டன் சிரட்டையில் ஐந்து டன் கார்பன் உண்டு. ஒரு டன் கரியில் தங்குவது 0.9 டன், மிச்சம் புகையானால் 15 டன் கார்பன் டை ஆக்சைடு. தென்னை காற்றிலிருந்து எடுத்ததைத்தான் திருப்பித் தருகிறது என்று இதைத் தள்ளிவிடலாம். நான் தள்ளவில்லை, கடனாகவே எழுதுகிறேன். ஒரு டன் கரி உப்பேறி 1.4 டன்னாகிச் சுற்றுக்கு 70 கிலோ பிடிக்கும். 200 சுற்றைத் தாண்டியதும், அதாவது மூன்று வாரத்தில், கடன் அடைந்துவிடும். ஆயிரக்கணக்கான சுற்றுகள் தாங்கினால் லாபம். நூறு சுற்றில் செத்தால் நட்டம். இந்தக் கணக்கில் சேராத ஒன்றும் உண்டு. திறந்த குழியில் சிரட்டையைச் சுட்டால் மீத்தேனும் தாரும் வரும். சுட்ட கரியை அணைக்கும் நீர் மண்ணில் இறங்கிக் கிணறுகளைக் கெடுக்கிறது என்று காங்கேயம் வட்டாரத்து விவசாயிகள் பல ஆண்டுகளாகப் புகார் சொல்லிவருகிறார்கள். மூடிய உலையும் நீரின்றிக் குளிர்விப்பதும் இல்லாத எந்தத் திட்டமும் சிற்றாற்றுப் படுகைக்கு வரக்கூடாது.

பிடித்த வாயுவை என்ன செய்வது? ஐஸ்லாந்தில் எரிமலைப் பாறைக்குள் நீரோடு செலுத்தினார்கள். இரண்டே ஆண்டுகளில் 95 விழுக்காட்டுக்கு மேல் கல்லாகிவிட்டது. நம் பொதிகைத் தொடரின் சார்னோகைட்டும் நைஸும் அந்த வகைப் பாறை அல்ல. சோடா உப்பாக்கினால் ரொட்டிச் சோடாவாகி அடுப்பில் மீண்டும் வெளியேறும் பங்கும் உண்டு. குளிர்பானத்தில் அடைத்தால் மூடியைத் திறந்ததும் போய்விடும். சிமெண்ட் ஆலைக்குப் பக்கத்தில் பொருத்தமானது கான்கிரீட் கற்களைப் பதப்படுத்த அதைச் செலுத்துவது. அது மறுபடி கால்சியம் கார்பனேட்டாகிக் கல்லுக்குள்ளேயே தங்கும். கல்லின் வலிமையும் கூடும். மரம் நட்டால் போதாதா என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. குற்றாலத்துச் செண்பகாதேவி அருவிக்கு மேலே நிற்கும் காடு எந்தக் கரியும் செய்ய முடியாத வேலையைச் செய்கிறது. நீரையும் உயிர்களையும் சேர்த்துக் காக்கிறது. அதைத் தொடாமல் விட வேண்டும். அது வளிமண்டலத்தில் ஏற்கெனவே கலந்ததை மெல்ல எடுக்கும். சூளைப் புகையை வாயிலிலேயே நிறுத்த அதனால் முடியாது.

இந்த வட்டாரத்தின் பொறியியல் கல்லூரிகளிலும் வேதியியல் துறைகளிலும் சிரட்டைக் கரியை வைத்து ஆய்வு செய்யும் மாணவர்களிடமும் அவர்களை வழிநடத்தும் பேராசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். தூய, உலர்ந்த வாயுவில் முதல் சுற்றில் கிடைக்கும் எண்ணோடு ஆய்வை முடித்துவிடாதீர்கள். 60 டிகிரிச் சூட்டில், நீராவியும் கந்தக டை ஆக்சைடும் கலந்த புகையில், ஆயிரம் சுற்றுகளுக்குப் பிறகு ஒரு கிலோ கரி எத்தனை கிராம் பிடிக்கிறது என்பதை அளந்து வெளியிடுங்கள். சிமெண்ட் ஆலைகள் தங்கள் புகைபோக்கியிலிருந்து ஒரு சிறு கிளைக்குழாயை அதற்காகத் திறந்துவிட வேண்டும்.